தண்ணீருக்குப் போன இனிப்பு

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி காலையிலிருந்து நொச்சிவலசில் தண்ணீர் இனித்தது. தொட்டித் தண்ணீர் இனித்தது, கிணற்றுத் தண்ணீர் இனித்தது, போர்த் தண்ணீர் இனித்தது, பள்ளிக்கூடத்தில் யார் மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாயின் சொட்டும் இனித்தது. அதை முதலில் கண்டுபிடித்தவன் டீக்கடை அப்புக்குட்டி. அவன் யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. முதல் ஆறு டீயைக் குடித்தவர்கள், "ஏண்டா அப்புக்குட்டி, இது டீயா பாயசமா" என்று கேட்டதும் ஏழாவது டீயிலிருந்து சர்க்கரை போடுவதை நிறுத்தி, டப்பாவை மூடி மேல்பலகையில் ஏற்றிவிட்டு, பாய்லரில் இன்னும் ஒரு குடம் ஊற்றினான்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஆனாலும் யாரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை. கோடைக்கு முன்னால் ஊற்று மாறும், அதுதான் என்றார்கள். சுகாதார நர்ஸ் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், நாலு நாள் கழித்து 'குடிக்கத் தகுந்தது' என்று ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். மாடுகள் காலையில் ஒரு தரம் குடித்துவிட்டுப் பத்து மணிக்கு இன்னொரு தரம் கயிற்றை இழுத்தன. ரசம் வைக்கிறவர்கள் முதல் நாள் புளியைக் கூட்டினார்கள், ரெண்டாம் நாள் மிளகாயைக் கூட்டினார்கள், மூன்றாம் நாள் ரசமே வேண்டாமென்று மோரில் இறங்கினார்கள். சர்க்கரை வியாதி இருந்த ஒன்பது பேர் சேர்ந்து ஒரு மினிவேன் பேசி, தினமும் காலையில் பக்கத்தூர் குருக்கபாளையத்துக்குப் போய் கேனில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். குருக்கபாளையத்துக்காரர்கள் லேசுப்பட்டவர்களா, குடத்துக்குக் குடம் என்று பேசி இங்கத்துத் தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள். குளித்தவர்கள் பின்னால் எறும்பு வரிசை கட்டி வந்தது, குளிக்காதவர்கள் பின்னால் வரவில்லை. யார் எந்த நாளில் குளித்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துபோனதில் ரெண்டு வீட்டில் சண்டைகூட நடந்தது.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்பது முதலில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். மயிலாத்தாளுக்கு. அது அவள் தோட்டத்துக் கிழங்கிலிருந்து போனது.

மயிலாத்தாள் அந்த ஊர்க்காரி இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, இனி ஆகாது என்று ஒரு டிரங்குப் பெட்டியும் ஓர் எருமையுமாக நாலு வருஷத்துக்கு முன்னால் வந்து இறங்கியவள். நொச்சிவலசில் மற்ற அத்தனை வீடும் ஒரே குலம், ஒருத்தருக்கொருத்தர் பங்காளி. இவள் மட்டும் யாருக்கும் எதுவும் இல்லை. காங்கேயத்தில் கடை வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் மூன்று ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதிலேயே ஒரு ஓட்டுச் சாளை போட்டுக்கொண்டு இருந்தாள். ஈஸ்வரமூர்த்திக்கு அந்த நிலத்தில் கோழிப்பண்ணை போட ஆசை. ஐப்பசியில் அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: சர்க்கரை ஆலைக்காரன் ஏதோ புதுக் கிழங்கு தருகிறானாம், அதைப் போட்டுப் பார், தேறினால் ஆலை மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதும், நிலம் உன்னிடம் இருக்கும், தேறாவிட்டால் சித்திரையில் கோழிக்கு ஷெட்டு.

அந்தப் புதுக் கிழங்குதான் சர்க்கரை பீட். கறிக்குப் போடும் பீட்ரூட்டுக்கு அண்ணன் முறை. சிவப்பு இல்லை, வெள்ளை. முள்ளங்கியை ஊதிவிட்ட மாதிரி இருக்கும். கரும்பு மாதிரி இதையும் பிழிந்து சர்க்கரை எடுக்கலாம். தேறுவதென்றால் நூற்றுக்குப் பதினாலு பங்கு சர்க்கரை இருக்க வேண்டும். எடை எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கீழே இருந்தால் லாரி வராது.

ஆலையிலிருந்து வந்த பீல்டு மேன் அருளப்பன் விதை கொடுத்த அன்றைக்கே வரப்பில் நின்று சொல்லிவிட்டுப் போனான். சின்ன வயசுப் பையன், பேச்சில் வளவளப்பு கிடையாது.

"அக்கா, யூரியா ரெண்டே தரம். விதைச்சு இருபதாம் நாள் ஒண்ணு, மண்ணு அணைக்கும்போது ஒண்ணு. அதுக்கு அப்புறம் ஒரு பிடிகூடப் போடக் கூடாது."

"போட்டா என்னங்க ஆகும்?"

"இலை கருகருன்னு வரும். கிழங்கு பானையாட்டம் பெருக்கும். உள்ள தண்ணிதான் இருக்கும். இருக்கிற கொஞ்சம் சர்க்கரையும் ஆலையில உறையாது, யூரியாச் சத்து சாறுல கலந்து பாகைக் கெடுத்துடும். கடைசி ரெண்டு மாசம் பயிரைப் பட்டினி போடணும். இலை மஞ்சளாகணும். மஞ்சளாச்சுன்னா இனிப்பு கீழ இறங்குதுன்னு அர்த்தம்."

"மஞ்சளாகுமுங்களா?" என்று மயிலாத்தாள் கேட்டது அந்தப் பையனுக்குப் புரிந்திருக்காது. அவனுக்கு அது பயிர் நிறம். நொச்சிவலசில் அது மானப் பிரச்சினை. அந்த ஊரில் ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் பார்ப்பது ரோட்டிலிருந்து, அதுவும் பஸ்ஸிலிருந்து. இலை கறுப்பாக இருந்தால் கெட்டிக்காரன், வெளுத்திருந்தால் சோம்பேறி, மஞ்சளாக இருந்தால் வீட்டில் ஏதோ சரியில்லை. எதிரில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள், எத்தனை மூட்டை போட்டாய் என்று கேட்பார்கள். மழைத்தூறல் விழுந்தால் குடையை எடுக்கிறதுக்கு முன்னால் யூரியாக் கூடையை எடுப்பார்கள்.

மார்கழி முடிய மயிலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தை பிறந்ததும் ஓரத்து இலைகளில் லேசாக மஞ்சள் விழுந்தது. அன்றைக்கே ஆரம்பித்தது.

"என்ன அம்மிணி, தோட்டத்துக்குக் காமாலை புடிச்சிருக்குதா?" என்றான் அப்புக்குட்டி, பால் கேனோடு வண்டியை நிறுத்தி.

"அது அப்பிடித்தானுங்கண்ணா இருக்கோணும். ஆலைக்காரர் சொல்லியிருக்கிறாரு."

"அவன் சொல்லுவான். அவன் வூட்டுச் செலவா. ரெண்டு மூட்டைக்கு வக்கில்லாமயா தோட்டம் பண்ண வந்தே?"

ஒருத்தன் சொன்னால் பரவாயில்லை. கிணற்றடியில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், ரேஷன் கடை வரிசையில் இவளுக்கு முன்னால் நின்ற ரெண்டு பேர் இவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்கள், தனியாள் பண்ணையம்னா அப்பிடித்தான் என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் குத்தியது. தை இருபத்தொன்றாம் தேதி மயிலாத்தாள் ரெண்டு மூட்டை யூரியா வாங்கி, மடியில் கட்டி, மூன்று ஏக்கருக்கும் விசிறி, மடையைத் திறந்து தண்ணீர் விட்டாள். யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. அவளாகத்தான் போட்டாள். அதை அவள் கடைசிவரை மறைக்கவுமில்லை.

மறுநாள் காலையில் இலைகள் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்திருந்தன, கண்ணை உறுத்துகிற கறுப்புப் பச்சை. ஒரு கிழங்கைப் பிடுங்கினாள், ஒரு கையால் தூக்க முடியவில்லை. அரிவாளால் ஒரு துண்டு சீவி வாயில் போட்டாள். ஈரத் துணியைக் கடித்த மாதிரி இருந்தது. இன்னொன்றைப் பிடுங்கிக் கடித்தாள், அதே ஈரத் துணி. நாலாவது கிழங்கைக் கடித்துவிட்டு, வாயைக் கொப்பளிக்க மடைத் தண்ணீரை ஒரு கை அள்ளினாள். தண்ணீர் இனித்தது.

தானாகத் திரும்புமா என்று ஐந்து நாள் பார்த்துவிட்டு, ஆறாம் நாள் டீக்கடைக்குப் போய் அங்கே இருந்த பத்துப் பதினைந்து பேர் முன்னால் சொல்லிவிட்டாள். "என்ற கிழங்குலேர்ந்துதான் இந்த இனிப்பு போனதுங்க. தண்ணி இனிச்சதுக்கு மொத நாள் நான் யூரியா போட்டனுங்க. அது கிழங்குல இருக்காம தண்ணிக்கு எறங்கிருச்சு."

அவளை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. இலைக்கு ஏறினது வேருக்கு எறங்காது, எங்காவது போகத்தானே வேண்டும் என்று ஒருத்தர் தலையை ஆட்டினார். பங்காளிகளில் மூத்தவரான நல்லசிவம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நீ யூரியாவ நிறுத்திப்போட்டா இது போயிருமா?"

"போயிருமுங்க. இலை மஞ்சளானா இனிப்பு கிழங்குக்குத் திரும்பிருமுங்க."

"அப்ப நிறுத்தாத," என்றான் அப்புக்குட்டி.

அவனுக்கு அந்த ஆறு நாளில் யோகம். குருக்கபாளையத்திலிருந்தும் அதற்கு அடுத்த ஊரிலிருந்தும் ஆள்கள் அவன் கடை டீக்கு வந்தார்கள். கோயில் பொங்கலுக்கு வெல்லம் மிச்சம், காப்பிக்குச் சர்க்கரை மிச்சம், குழந்தைகள் பாலை அடம்பிடிக்காமல் குடித்தன. ஊர் பழகிவிட்டது. பழகினதை யார் விடுவார்கள்?

"எனக்குப் பதினாலு வரோணுமுங்கண்ணா. வராட்டி நெலம் போயிரும்."

"நெலம் போனா வேற நெலம். தண்ணி ஊர்ச்சொத்து அம்மிணி."

"தண்ணி ஊர்ச்சொத்துதானுங். இனிப்பு மட்டும் என்ற சொத்து."

"தண்ணிக்குள்ள வந்ததுக்கு அப்புறம் அதென்ன உன்ற, என்ற?" என்று அவன் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். மயிலாத்தாள் காசை வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்றையிலிருந்து அவள் தோட்டத்துக்கு ஒரு பிடி யூரியா போடவில்லை, தண்ணீரையும் குறைத்தாள்.

மூன்று நாளில் இலையின் கறுப்பு கொஞ்சம் தணிந்தது. டீயில் இனிப்பும் கொஞ்சம் தணிந்தது. மறுநாள் பட்டப்பகலில், உச்சி வெயிலில், மயிலாத்தாள் எருமையைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது கிழக்கு வேலியோரம் சர்சர்ரென்று சத்தம் கேட்டது. அப்புக்குட்டி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, ஒரு ஈயப் போசியில் யூரியாவை அள்ளி அள்ளி இந்தப்பக்கம் விசிறிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் ஓடவில்லை. போசியில் மிச்சமிருந்ததையும் போட்டு முடித்தான்.

"நல்லதுக்குத்தான் போடறேன் அம்மிணி. உனக்குச் செலவில்லாம."

"உங்க டீக்கடைக்கு நான் உப்பள்ளிப் போட்டா சும்மா இருப்பீங்களாங்கண்ணா?"

"போட்டுப் பாரு," என்றான் அவன். "இந்தத் தண்ணியில அதுவும் இனிக்கும்."

பத்துப் பாத்தி அளவுக்கு வேலியோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. அவள் உட்கார்ந்து கையால் பொறுக்கினாள். முக்கால்வாசி மண்ணில் கரைந்துவிட்டது. ஈஸ்வரமூர்த்தி ஒரு ஆளை அனுப்பிக் கோழி ஷெட்டுக்கு நீள அகலம் அளந்துகொண்டு போனது அந்த வாரத்தில்தான்.

மாசி மூன்றாம் தேதி அப்புக்குட்டியின் அண்ணன் சென்னியப்பன் செத்துப்போனார். கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஐம்பத்தாறு வயசு. அவர் சம்சாரம் வள்ளிநாயகி, அப்புக்குட்டிக்கு நங்கை முறை, ஊரிலேயே வாய் பெரிய பெண்பிள்ளை, அதே அளவுக்கு மனசும் பெரிய பெண்பிள்ளை. அவள் பிணத்தின் கால்மாட்டில் விழுந்து அழ ஆரம்பித்தபோது ரோடு வரைக்கும் கேட்டது. சுற்றி உட்கார்ந்து பெண்கள் அழுதார்கள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து உதட்டுக்கு வந்ததும் வள்ளிநாயகி அழுகையை நிறுத்தினாள்.

நாக்கால் உதட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு சொட்டு வந்தது, அதையும் தொட்டுப் பார்த்தாள்.

"இனிக்குது," என்றாள்.

அவள் கன்னத்தில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்களும் ஒருத்தர் பின் ஒருத்தராக உதட்டைத் தொட்டுப் பார்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார்கள்.

"இருபத்தெட்டு வருஷம் இந்த மனுசனோட குடும்பம் நடத்தியிருக்கறேன்," என்றாள் வள்ளிநாயகி. "இவரு போனதுக்கு நான் பாகு ஊத்தறதா? இது அழுகையில்ல. அழுகைன்னா உப்புக் கரிக்கோணும். என்ற வெசனத்துல ஒரு சிட்டிகை உப்புக்கூட இல்லாம ஆக்கிப்போட்டீங்களேடா."

அவள் அதற்கு அப்புறம் அழவில்லை. அடக்கம் முடிந்து வந்தபோது அடுத்த சிக்கல் தெரிந்தது. அந்தக் குலத்தில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பங்காளிகள் யாரும் இனிப்பு தொடக் கூடாது. நொச்சிவலசு முழுக்கப் பங்காளிகள். தண்ணீர் முழுக்க இனிப்பு. அன்றைக்குச் சாயங்காலம் முதல் ஊரில் மயிலாத்தாள் ஒருத்தியைத் தவிர யாரும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. அத்தனை பேரும் குடம், கேன், அண்டா, எண்ணெய் டின் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு குருக்கபாளையத்துக் குழாயில் வரிசை கட்டினார்கள். குருக்கபாளையத்துக்காரர்கள் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். "என்னங்க, தேனாட்டம் தண்ணி வச்சிக்கிட்டு எங்க சப்பைத் தண்ணிக்கா வந்தீங்க?" என்று கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்.

அப்புக்குட்டி கடை மூடியிருந்தது. அடுத்த ஊர் ஆள்கள் டீக்கு வந்து திரும்பிப் போனார்கள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. தலைமயிர் எடுத்த தலையோடு நங்கை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். வள்ளிநாயகி காய்ந்த கண்ணோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுருங்க நங்கையா. உள்ளயே வச்சிருந்தா ஒடம்புக்கு ஆகாது."

"உப்பு வரட்டும், அழுவறேன்."

"எப்ப வருமோ."

"உன்ற போசியைக் கேளு," என்றாள் அவள்.

காரியத்துக்கு நாள் குறிக்கும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். பதினாறு நாள் கணக்கு மனுசன் செத்த அன்றையிலிருந்து இல்லை, பொண்டாட்டி அழுத அன்றையிலிருந்து. நான் இன்னும் அழவில்லை. நல்லசிவமும் மற்றவர்களும் வெகுநேரம் பேசிப் பார்த்தார்கள், அதில் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பங்குனியில் வைத்திருந்த ரெண்டு கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். பிறகு அத்தனை பேரும் மொத்தமாகக் கிளம்பி மயிலாத்தாளின் தோட்டத்துக்கு வந்தார்கள். நாலு வருஷத்தில் அந்த வரப்பில் அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தரம்.

"மஞ்சளாகோணும் அம்மிணி," என்றார் நல்லசிவம். "என்ன பண்ணோணும்னு சொல்லு."

"நானொருத்தி நிறுத்தினாப் பத்தாதுங்க. எல்லார் தோட்டத்து யூரியாவும் ஒரே ஊத்துலதான் கலக்குது. ஊரே நிறுத்தோணும்."

ஊரே நிறுத்தியது. எழுதுவதற்குத்தான் இது சுலபம். மஞ்சள் வைத்திருந்தவன், மரவள்ளி வைத்திருந்தவன், மாட்டுக்குச் சோளத்தட்டு விதைத்திருந்தவன், அத்தனை பேரும் வீட்டில் மூட்டையை வைத்துக்கொண்டு தோட்டம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது அரை வயிற்றுச் சோற்றைவிடக் கஷ்டம். ஒரு நாள் மேற்கே ஒருத்தன் பொறுக்கமாட்டாமல் அரை மூட்டையை வீசிவிட்டான், மறுநாள் தண்ணீர் ஜிலேபிப் பாகாக இருந்தது, அவன் வீட்டுக்கே போய் மிச்ச அரை மூட்டையைத் தூக்கி வந்து நல்லசிவம் வீட்டுத் திட்டில் வைத்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, ஊரே சீக்குல கெடக்குதா என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று இருந்தார்கள். ஒருத்தர் தோட்டம் மட்டும் வெளுத்தால்தான் அவமானம், எல்லார் தோட்டமும் வெளுத்தால் அது பருவம் என்பது அவர்களுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

தினமும் காலையில் தண்ணீருக்குப் போகிற வழியில் ஒரு கும்பல் மயிலாத்தாள் தோட்டத்தில் நின்று இலை பார்த்தது. "இன்னிக்கு நல்ல மஞ்சள்." "அந்த நடுப்பாத்தியைப் பாருங்க, எலுமிச்சங்காயாட்டம்." "எங்க தோட்டத்துலகூட இத்தனை வரலை." காமாலை என்று சொன்ன அதே வாய்கள். மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, வந்தவர்களுக்கு மோரும் கொடுத்தாள். அவள் எருமைப்பால் தண்ணீர் கலக்காத பால், அதில் இனிப்பு இல்லை. கிழங்குகள் பெருப்பதை நிறுத்திவிட்டன. மண்ணுக்கு மேலே தெரிந்த தோள் சுருங்கிக் கெட்டியாகிக்கொண்டு வந்தது. ஒன்றைச் சீவி வாயில் போட்டபோது ஈரத் துணிக்குப் பின்னால் எங்கேயோ லேசாக ஒரு இனிப்பு இருந்தது, தெரு முனையில் நின்று கூப்பிடுகிற மாதிரி. மறுநாள் அது கொஞ்சம் கிட்டே வந்தது.

வேலியோரம் மட்டும் மஞ்சளாகவில்லை. அந்தப் பத்துப் பாத்தி கறுப்பாகவே நின்றது.

பங்குனி இரண்டாம் தேதி காலையில் எறும்புகள் ஊரைவிட்டுப் போயின. வரிசையாக, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, குருக்கபாளையம் ரோட்டில். வள்ளிநாயகி தெருக்குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தாள். சப்பென்று இருந்தது. அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயடியிலேயே, நின்றபடிக்கு, அவ்வளவு பேர் முன்னால் அழுதாள். முதலில் சத்தம் வரவில்லை, பிறகு வந்தது, ரோடு வரைக்கும் கேட்டது, ஒரு மாசமாக வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. தண்ணீருக்கு நின்ற பெண்கள் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மயிலாத்தாளும் அழுதாள், அவளுக்குச் சென்னியப்பன் எந்த உறவும் இல்லை. நல்லசிவம் அன்றையிலிருந்து பதினாறு நாள் எண்ண ஆரம்பித்தார்.

அருளப்பன் கிழங்கு சோதிக்க வந்தது பதினைந்தாம் நாள். ஈஸ்வரமூர்த்தியும் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார், கோழி ஷெட்டுக்கு அளந்த ஆளும் கூட வந்திருந்தான். ஊரும் வந்திருந்தது. அருளப்பன் பத்துக் கிழங்கு எடுப்பான், பத்தையும் தனித்தனியாகத் துருவி, ஒரு சொட்டுச் சாறு பிழிந்து, கையடக்கமான குழல் மாதிரி ஒரு கருவியில் வைத்து, வெளிச்சத்துக்குக் காட்டிப் படிப்பான். பத்தும் சேர்ந்து நூற்றி நாற்பது வர வேண்டும்.

நடுப்பாத்திகளில் ஐந்து எடுத்தான். பதினேழு, பதினேழு, பதினாறரை, பதினேழரை, பதினேழு. ஊர் மூச்சு விட்டது. அப்புறம் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே, வேலியோரம் நடந்தான். அப்புக்குட்டி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிப்போய் அவன் முன்னால் நின்றான்.

"சார், அக்கட்ட வேண்டாமுங்க."

"ஏன்?"

"அங்க நான் யூரியா போட்டனுங்க. வேலிக்கு வெளிய நின்னு. இந்த அம்மிணி போடலை. என்ற தப்புக்கு இதைச் சேர்த்தாதீங்க."

எல்லார் முன்னாலும் சொன்னான். தன் நங்கை முன்னாலும், ஈஸ்வரமூர்த்தி முன்னாலும். அருளப்பன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"நீங்க சொன்னதுக்கு நன்றிங்க. ஆனா லாரியில ஏறும்போது இந்தக் கிழங்கும் சேர்ந்துதானே ஏறும்? நாலு மூலையும் எடுத்தாகணும்."

வேலியோரத்தில் மூன்று எடுத்தான். ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. எட்டு, ஏழு, ஒன்பது.

நல்லசிவம் மண்ணில் குச்சியால் கூட்டிக்கொண்டிருந்தார். நூற்றி ஒன்பது. ரெண்டு கிழங்குக்கு முப்பத்தொன்று வேண்டும். ஒன்பதாவது கிழங்கு கறுப்புப் பாத்திக்கும் மஞ்சள் பாத்திக்கும் நடுவில் எடுத்தது. பதினாலு. அளக்க வந்த ஆள் ஈஸ்வரமூர்த்தியின் காதில் ஏதோ சொன்னான். இன்னும் பதினேழு வேண்டும். அதற்கு ஒரு புள்ளி குறைந்தாலும் போயிற்று.

"கடைசியை நீங்களே எடுங்கக்கா," என்றான் அருளப்பன். "எங்கன்னா எடுங்க."

மயிலாத்தாள் பெரிய கிழங்காகத் தேடவில்லை. மேற்கு மூலைக்குப் போனாள், மடைத் தண்ணீர் சரியாக எட்டாத மேட்டுப் பாத்தி, யூரியா போட்ட அன்றைக்கும் கை வலித்து அங்கே பாதிதான் விசிறியிருந்தாள். இலையில் பச்சையே இல்லை. பிடுங்கினாள். கை அளவு கிழங்கு, கோணல், ஒரு பக்கம் வெடிப்பு. பார்த்த யாரும் அதை ஒரு கிழங்கென்று மதிக்க மாட்டார்கள். அருளப்பன் துருவினான், பிழிந்தான், வெளிச்சத்துக்குக் காட்டினான், சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டினான்.

"பதினெட்டு."

நல்லசிவம் குச்சியைக் கீழே போட்டார். நூற்றி நாற்பத்தொன்று. ஈஸ்வரமூர்த்தி காரில் ஏறுவதற்கு முன்னால் மயிலாத்தாளைக் கூப்பிட்டு, "ஒப்பந்தக் காகிதம் வந்தவுடனே கடைக்கு வா, மூணு வருசத்துக்கு எழுதிக்கலாம்" என்றார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னார். சொன்னார், அது போதும்.

மறுநாள் பதினாறாம் நாள் காரியம். அந்தக் குலத்தில் துக்கம் முடிகிறபோது முதல் இனிப்பை வீட்டுக்காரியின் வாயில் வைப்பது குலத்தில் சேராத ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். எப்போதும் சம்பந்தி ஊரிலிருந்து யாரையாவது வரவழைப்பார்கள். நல்லசிவம் யாருக்கு ஆள் அனுப்பலாம் என்று கேட்டபோது, வள்ளிநாயகி, "மயிலாத்தா இருக்கிறாளே, வெளியூருக்கு எதுக்குப் போறீங்க" என்றாள்.

மயிலாத்தாள் விடியலிலேயே மேட்டுப் பாத்திக் கிழங்கு நாலைந்தைச் சீவி, வேகவைத்து, துணியில் பிழிந்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தாள். வற்றி வற்றி ஒரு கிண்ணம் கருந்தேன் மாதிரி வந்தது. பதம் சரியா என்று அவளுக்குத் தெரியாது, இந்தக் கிழங்கில் பாகு காய்ச்சினவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. முந்தானையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்து போனாள்.

வாசலில் பங்காளிகள் எல்லாரும் வழிவிட்டு நின்றார்கள். வள்ளிநாயகி பலகையில் உட்கார்ந்திருந்தாள், அழுது அழுது வீங்கின முகம், ஆனால் பழைய முகம். மயிலாத்தாள் ஒரு விரலில் பாகைத் தொட்டு அவள் வாயில் வைத்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி, ரொம்ப நேரம் ருசி பார்த்தாள். வீடே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மண்ணு வாசம் அடிக்குது," என்றாள்.

"ஆமாங்கக்கா. கெழங்குங்களே."

"அடிக்கட்டும்." வள்ளிநாயகி உள்ளங்கையை நீட்டினாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்து."